நிறம் போன பத்திகள்

மின்சாரம் போக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். என் கடை யுபிஎஸ்ஸின் பேட்டரி உப்பிப்போய், இரண்டு நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்தது.

திரையில் ஓர் ஆய்வேடு திறந்திருந்தது. இருநூற்றுச் சொச்சம் பக்கம். அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். எல்லா வடிவமைப்பையும் நீக்கும் பொத்தானை அழுத்தினேன். பக்கங்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின. பல்கலைக்கழகம் கேட்கும் எழுத்துரு, ஒன்றரை வரி இடைவெளி, இடப்பக்க மார்ஜின் எல்லாம் சேர்த்து நான் ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஸ்டைலை அதன்மேல் போட்டேன். சேமித்தேன். மூடினேன். பென் டிரைவை உருவிக் கையில் எடுத்ததும் மின்விசிறி நின்றது.

சரியான நேரத்தில் முடித்துவிட்டோம் என்று ஒரு திருப்தி. பென் டிரைவை அது வந்த கவருக்குள்ளேயே போட்டு வைக்கலாம் என்று தேடினேன். கீபோர்டுக்கு அடியில் கிடந்தது. அதன்மேல் நீல மையில், ஆசிரியைகளுக்கே உரிய உருண்டைக் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது: 'கலரைத் தொட வேண்டாம்.'

அதை நான் முந்தின நாளே படித்திருந்தேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான். தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மணி அடிக்கும் இயந்திரம்

தட்டச்சுப் பயிற்சி நிலையத்தைப் பற்றி முன்பு இதே பகுதியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: அந்த வேலைக்கும் இப்போது கம்ப்யூட்டரில் செய்யும் வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று.

தட்டச்சு இயந்திரத்தில் வரி முடியப் போகிறது என்றால் மணி அடிக்கும். தப்பு செய்தால் அந்த வரியோடு போகும். மிஞ்சிப்போனால் அந்தத் தாளோடு. கம்ப்யூட்டரில் மணி கிடையாது. நாம் செய்யும் தப்பு ஒரு மூச்சு விடுவதற்குள் இருநூறு பக்கமும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஸ்டைல் என்ற சொல்லையும் இங்கேயே விளக்கிவிடுகிறேன். ஒரு பத்தியைப் பார்த்து, 'நீ தலைப்பு', 'நீ மேற்கோள்', 'நீ சாதாரணப் பத்தி' என்று பெயர் கொடுத்து வைப்பதுதான் அது. பெயர் கொடுத்துவிட்டால் போதும். பிறகு தலைப்பெல்லாம் பெரிதாக வேண்டும் என்றால் ஒரே இடத்தில் மாற்றலாம். பெயர் கொடுக்காமல், கையால் ஒவ்வொரு பத்திக்கும் நிறமும் சாய்வும் போட்டு வைப்பவர்கள்தான் அதிகம். அந்த நிறம் எதற்காக என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் அதை வெறும் வண்ணம் என்று எண்ணித் துடைத்துவிடும்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் கடை போட்டு வருஷம் இருபதுக்கு மேல் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, கோர்ட் மனு, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், ஆய்வேடு எல்லாம் வரும். இத்தனை வருஷத்தில் நான் எதையும் படித்ததில்லை. எழுத்துப்பிழை பார்ப்பேன், இடைவெளி பார்ப்பேன். அது படிப்பது ஆகாது.

ஒருமுறை ஒரு குடும்பத்தின் கருமாதிப் பத்திரிகையை, அதே குடும்பத்தின் காதணி விழாப் பத்திரிகையிலிருந்து நகல் எடுத்துச் செய்தேன். விலாசமும் சொந்தக்காரர்கள் பெயரும் ஒன்றுதானே என்று. பெயர்களை மாற்றினேன். தலைப்பின் ஸ்டைலை மாற்ற மறந்துவிட்டேன். ஓரத்தில் ரோஜாப்பூவும் சிவப்பு எழுத்துமாக முந்நூறு பத்திரிகை அச்சாகிவிட்டது. மொட்டையடித்த தலையோடு பெரிய மகன் வந்து பத்திரிகைக் கட்டை மேஜையில் வைத்தார். "எங்கப்பாவுக்கு நாங்க காது குத்தலைங்க" என்றார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நான் சீக்கிரம் மறந்திருப்பேன்.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஷமீமா டீச்சர்

அந்த ஆய்வேடு ஷமீமா டீச்சருடையது. கீழ்வேளூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. நாற்பத்தைந்து வயதிருக்கும். சனிக்கிழமைகளில் பாசஞ்சர் வண்டி ஏறித் தஞ்சாவூர் வந்து பகுதி நேரமாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். முக்காட்டை ஒரு கையால் சரிசெய்துகொண்டே, மிகவும் மெதுவாகப் பேசுவார். முதல் நாளே என்னை 'அக்கா' என்றார்.

கணவன் இறந்த பிறகு தாங்களே வயலைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. விதைப்பதும் அறுப்பதும் அவர்கள். ஆனால் பட்டாவில் பெயர் இருக்காது, கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலிலும் பெயர் இருக்காது. மூன்று பெண்களை மூன்று வருஷம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, அவர்கள் சொன்னதை எழுதியிருந்தார்.

நான்காவதாக ஒரு பெண்ணும் அதில் உண்டு. அது அவரேதான். அவர் கணவர் வளைகுடாவில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, ஆசைப்பட்டு இரண்டு ஏக்கர் வாங்கி விவசாயம் செய்தவர். தண்ணீர் வராத ஒரு சம்பாவில், வரப்பில் நின்றபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மறுபடி எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்து டீச்சர்தான் வயலுக்குப் போனார்.

அந்தப் பெண்கள் சொன்னதை எல்லாம் அவர் எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருந்தார். பேசுகிற மாதிரியே எழுதினால் ஆய்வேட்டுக்கு மதிப்பில்லை என்று அவருடைய நெறியாளர் சொல்லிவிட்டாராம். நிஜப் பெயரைப் போடலாமா கூடாதா என்று அந்தப் பெண்களிடம் இன்னும் கேட்கவில்லை. அதனால் பெயருக்குப் பதில் நிறம். கீழ்வேளூர் பக்கத்துப் பாக்கியம் சொன்னதெல்லாம் நீலம். திருவையாற்றுப் பக்கத்துச் சரசு சொன்னது பச்சை. அஞ்சலை என்பவர் சொன்னது ஊதா. டீச்சர் தன்னைப் பற்றி எழுதியது கறுப்பு. மேற்கோள் குறி கிடையாது, பெயர் கிடையாது. நான்கு பேருமே 'நான்' என்றுதான் பேசினார்கள்.

அந்தக் கார்த்திகையில் வெள்ளம் அவர் வீட்டுக்குள் வந்தது. கட்டிலுக்கடியில் இருந்த லேப்டாப்பும், குறிப்பெடுத்த நோட்டுகளும் ஊறிப் போயின. நோட்டைப் பிரித்தால் மை கரைந்து நீலத் தண்ணீராக இருந்ததாம். கைப்பையில் கிடந்த பென் டிரைவ் மட்டும் தப்பியது. அதைத்தான் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அதைத்தான் நான் கறுப்பாக்கியிருந்தேன்.

போன்

மின்சாரம் வந்ததும் என்னென்னவோ செய்து பார்த்தேன். கோப்பின் பழைய வடிவம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினேன். நேராகப் பென் டிரைவிலேயே திறந்து, அதிலேயே சேமித்திருந்ததால் என் கம்ப்யூட்டரில் நகல் இல்லை. கீழவாசலில் அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோனேன். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் படங்கள் நான்கு கிடைத்தன. வேறொன்றும் வரவில்லை.

வைரஸ் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் நம்பும் பொய் அது. கரண்ட் போனதைக்கூடச் சொல்லலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது. டீச்சர் என்னைச் சந்தேகப்பட மாட்டார்.

டீச்சரின் எண்ணை அழுத்தி அழுத்தி வைத்துவிட்டேன். கடைசியில் அடுத்த நாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "முடிஞ்சிடுச்சாக்கா?"

"டீச்சர், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். கலரெல்லாம் போயிடுச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி கேட்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடுவது கேட்டது. அந்தச் சத்தமெல்லாம் அடங்கியது.

"காலைல வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு நேராக என் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெண்களின் பேச்சு இருந்த நான்காவது இயலைத் திறந்து கீழே உருட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் நின்றார். நின்ற இடத்தில் உதடு அசைந்தது. பிறகு நகர்ந்தார். ஓரிடத்தில் நின்றவர் நகரவே இல்லை.

"இது யாரு சொன்னதுன்னு எனக்கே தெரியலையேக்கா" என்றார்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எழுதிக் குடுத்தேன்ல?"

"குடுத்தீங்க."

"படிச்சீங்களா?"

"படிச்சேன் டீச்சர்."

"படிச்சிட்டுமா?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வாசலில் டீ கொண்டுவந்தவரை வேண்டாம் என்று கையால் சொல்லி அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாள் எண்ணினார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்தது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கறதைப் பிரிச்சிடலாம். மாடு வித்தது பாக்கியம். மச்சினன் சண்டை சரசு. ஆனா நடந்தது எதுவும் இல்லாம, மனசுல பட்டதை மட்டும் சொன்னது நெறைய இருக்குக்கா. அதெல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு."

"அவங்களையே போய்க் கேட்டா என்ன டீச்சர்?" என்றேன். "நானும் வர்றேன். நான்தானே கெடுத்தேன்."

பாக்கியம் சிரித்தது

நான்காவது இயலைத் தாளில் அச்சடித்து, ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கீழ்வேளூரில் இறங்கினேன். டீச்சர் காத்திருந்தார். இருவரும் ஒரு ஆட்டோவில் போனோம். தை மாதம். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது. அறுவடை இயந்திரம் ஒன்று எதிரே வர, நாங்கள் ஓரம் கட்டி நின்றோம். வைக்கோல் தூசி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே போனோம்.

பாக்கியம் அறுபதை நெருங்கியவர். உயரம். மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன, படிங்க. நம்ம சங்கதி நமக்குத் தெரியாதா?" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டீச்சர் படிக்கத் தொடங்கினார். இரண்டு வரியோடு நிறுத்தினார். தாளை என்னிடம் நீட்டினார்.

நான் படித்தேன். என் கை வழியாகப் போன எழுத்தை என் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை.

"'என் கணவர் மறைந்த பின்னர் நிலத்தின் பொறுப்பு முழுவதும் என்னை வந்தடைந்தது.'"

பாக்கியம் சிரித்துவிட்டார். "யாரு தாயி இது? கலெக்டரம்மாவா?"

"நீங்க சொன்னதுதாங்க. பத்தொன்பதாவது பத்தி."

"நான் எங்க இப்படிச் சொன்னேன்? 'அவரு போயிட்டாரு, வயலு போவலையே, அது அங்கயேதான கெடக்கு'ன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா டீச்சரு?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னீங்க."

"அதை ஏன் மாத்துன?"

"அப்படி எழுதினாத்தான் ஒத்துக்குவாங்கன்னு சொன்னாங்க."

"சரி, நீ ஒண்ணும் வேணும்னு பண்ணல. ஆனா இது எனக்குத் தெரியாத பொம்பள பேசுற மாதிரி இருக்கு. இப்ப மறுபடி சொல்றேன், எழுதிக்க. இல்லன்னா அந்தப் போன்ல ரெக்கார்டு போடு. முந்தி வேணாம்னேன். இப்பப் போடு."

மத்தியானம் வரை உட்கார்ந்தோம். நான் படிக்கப் படிக்க, தன்னுடையதை 'ஆமா' என்றார். தன்னுடையது இல்லாததை ஒவ்வொன்றாகத் தள்ளினார். தள்ளும்போது, "இது யாருன்னு தெரியல, பாவம்" என்பார். தன்னுடைய பத்திகளை எல்லாம் தன் பேச்சில் திருப்பிச் சொன்னார். எந்தப் பெயர் போடலாம் என்று டீச்சர் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கலரு எதுக்கு, வேற பேரு எதுக்கு? எனக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல. பட்டாவுலதான் போடலை. இதுலயாவது போடுங்க."

சரசு அப்படி இல்லை. இங்கே நான் எழுதும் சரசு என்பது அவர் நிஜப் பெயர் அல்ல, திருவையாறும் அவர் நிஜ ஊர்ப்பக்கம் அல்ல. அடுத்த நாள் திருவையாற்றுப் பக்கம் அவர் வீட்டுக்குப் போனபோது, சாலையில் காயும் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே, நான் பக்கத்தில் நடந்தபடி படிக்கப் படிக்கக் கேட்டார். கடையடைத்த மாதிரி முகம். எதிரே யாராவது வந்தால் பேச்சை நிறுத்துவார். நிலத்தில் பாதிக்கு அவர் மச்சினன் உரிமை கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், பக்கத்து ஊர்ப் பெயர்கூட வேண்டாம் என்றார். அவருக்கு அவரே ஒரு பெயர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

ஒரு பத்தியைக் கேட்டுவிட்டுத் துழாவுவதை நிறுத்தினார். "இது எனக்கு நடந்தது இல்லைங்க. ஆனா வேணும்னா எனக்கே போட்டுக்கங்க. நடந்த மாதிரிதான் இருக்கு."

"வேணாம் சரசு, உங்களோடது மட்டும் போதும்" என்றார் டீச்சர்.

பூட்டிய வீடு

கடைசியாக அஞ்சலை. கீழ்வேளூரிலிருந்து தெற்கே, வெண்ணாற்றின் கிளை வாய்க்கால் ஒன்றைத் தாண்டி அவர் ஊர். கடைசிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தே போனோம். டீச்சர் வழியெல்லாம் அவரைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். மூன்று பேரில் மிகக் குறைவாகப் பேசுபவராம். ஒரு கேள்வி கேட்டால் எழுந்துபோய் ஏதாவது வேலை செய்துவிட்டு வந்து பதில் சொல்வாராம்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சலையக்காவையா தேடுறீங்க? அவங்க ஆடியிலயே போயிட்டாங்களே. காமாலை. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுபோயும் நிக்கலை. மவனும் மருமவளும் திருப்பூர்ல இருக்காங்க. அறுப்புக்கு ஆளு விட்டுட்டுப் போயிட்டாங்க."

டீச்சர் பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கடைசியாக அங்கே வந்தது சித்திரையில்.

"மோர் குடுத்தாங்கக்கா" என்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு குடிக்காம போயிட்டேன். 'அடுத்த தடவை குடிக்கிறேன்'னு சொன்னேன்."

அந்த அம்மாளிடம் மருமகளின் போன் நம்பரை வாங்கிக்கொண்டோம். திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் என் கையில் இருந்த தாள்களை டீச்சர் வாங்கி, மீதியிருந்த எண்களைப் பார்த்தார். பாக்கியமும் சரசுவும் எடுத்தது போக மிச்சம். அவற்றில் பெரும்பாலானவை யாருடையவை என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று பத்திகள் தெரியவில்லை. அஞ்சலை சொன்னவையாக இருக்கலாம். அவரே எழுதியவையாகவும் இருக்கலாம்.

அதில் ஒன்றை இங்கே எழுத டீச்சர் அனுமதி கொடுத்திருக்கிறார்:

'அவர் போன பிறகு வந்த முதல் மழை. வயலில் தண்ணீர் ஏறிவிடுமே என்று மடையை அடைக்க ஓடினேன். அடைத்திருந்தது. சேற்றில் என் கால் தடம்தான் இருந்தது. எப்போது வந்து அடைத்தேன் என்று நினைவில்லை. அவர் செய்த வேலைகளை என் கை எனக்குச் சொல்லாமலே செய்யத் தொடங்கியிருந்தது.'

அதை நான் கரையில் நின்று மூன்று தடவை படித்தேன்.

இருவரில் ஒருவர்

அடுத்த பத்து நாள் டீச்சர் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு என் கடைக்கு வந்தார். போனில் பதிவு செய்ததைப் போட்டுப் போட்டுக் கேட்டு, பாக்கியமும் சரசுவும் சொன்னதைச் சொன்னபடியே அடித்தோம். இந்தத் தடவை நிறம் போடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டைல் செய்தேன். பாக்கியத்தின் பத்திகளுக்கு 'பாக்கியம்' என்றே பெயர். அஞ்சலையின் பெயரைப் போட அவர் மருமகள் போனில் சம்மதம் சொல்லியிருந்தாள். ஸ்டைல் பட்டியலைத் திறந்தால் 'தலைப்பு', 'அட்டவணை' என்பவற்றுக்கு நடுவே அந்தப் பெண்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அச்சில் எல்லாம் கறுப்புதான். ஆனால் ஒவ்வொரு பத்திக்கும் மேலே அதைச் சொன்னவர் பெயர் நின்றது.

நெறியாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சுத் தமிழில் ஆய்வேடா என்று தாளைத் தள்ளினாராம். டீச்சர் பாக்கியத்தின் 'வயலு போவலையே' என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். நெறியாளர் தள்ளிய தாளை மறுபடி இழுத்து, கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டாராம்.

அந்த மூன்று பத்திகள்தான் மிச்சம் இருந்தன.

"எடுத்துடலாமா டீச்சர்?" என்றேன்.

"எடுத்தா அவங்க சொன்னதும் சேந்து போயிடும்."

"அப்ப அஞ்சலையம்மா பேர்லயே போட்டுடலாமே."

"அவங்க சொல்லாததை அவங்க சொன்னாங்கன்னு எப்படிக்கா போடுறது? வந்து இல்லைன்னு சொல்றதுக்கும் அவங்க இல்லை."

"உங்க பேர்ல போட்டுக்கங்க."

"அது திருட்டு" என்றார்.

பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு, புதிய ஸ்டைல் செய்யும் பெட்டியை அவரே திறந்து, பெயர் கேட்ட இடத்தில் அடித்தார்: 'இருவரில் ஒருவர்'. அந்த மூன்று பத்திகளுக்கும் அதைப் போட்டார். கீழே ஓர் அடிக்குறிப்பு எழுதினார். இந்தப் பத்திகள் அஞ்சலை சொன்னவையா, ஆய்வாளர் எழுதியவையா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை, அஞ்சலை காலமாகிவிட்டார், பிழை அவருடையது அன்று.

பிழை யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள், தட்டச்சு செய்தவள் என்று என் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் போடவில்லை. "நானும் ஒரு நகல் எடுத்து வச்சிருக்கணும்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. நான்தான் இத்தனை பேர் படிக்கும் இடத்தில் இப்போது எழுதுகிறேன்.

மருமகள்

வாய்மொழித் தேர்வு சில மாதங்கள் கழித்து நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பாக்கியம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சரசு வரவில்லை. வெளியூர்ப் பேராசிரியர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் டீச்சர் அந்த மெதுவான குரலிலேயே பதில் சொன்னார். டாக்டர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினோம்.

கலைந்து போகும் நேரத்தில் ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு டீச்சரிடம் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அஞ்சலையின் மருமகள். டீச்சர் போனில் சொல்லியிருந்ததால் திருப்பூரிலிருந்து முதல் நாளே கிளம்பி வந்திருக்கிறாள்.

"எங்கத்தை பேசுனது இதுல இருக்குன்னீங்களே. எதுன்னு காட்டுறீங்களா?"

டீச்சர் ஆய்வேட்டைப் பிரித்து, அஞ்சலை என்று பெயர் போட்ட பத்திகளைக் காட்டினார். அந்தப் பெண் குழந்தையைப் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவள் கேட்பதற்கு முன்பே டீச்சர் அந்த மூன்று பத்திகளையும் காட்டி, அடிக்குறிப்பையும் சொன்னார். "இது அவங்க சொன்னதா நான் எழுதுனதான்னு தெரியலம்மா."

மடையைப் பற்றிய பத்தியைப் படித்ததும் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"இது அத்தைதாங்க" என்றாள். "மழை வந்தா இப்படித்தான் ஓடுவாங்க. அடைச்சாச்சு அத்தைன்னு நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அத்தைதான் இது." அப்புறம் அவளால் பேச முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பாக்கியம் குழந்தையோடு அவள் பக்கத்தில் போய் நின்று முதுகைத் தடவிக் கொடுத்தார்.

டீச்சர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று அவள் கேட்டபோது, தன் கையில் இருந்த ஆய்வேட்டையே அவளிடம் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் ரயிலடிக்கு இருவரும் சேர்ந்து போனோம். கீழ்வேளூர் வழியாக நாகப்பட்டினம் போகும் பாசஞ்சருக்கு நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். டீச்சருக்குப் போட்ட சால்வை அவர் மடியில் இருந்தது. அதன் மடிப்பைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா."

"சொல்லுங்க டீச்சர்."

"அந்த மடை பத்தி நான் எழுதினது. அந்தப் பொண்ணு வெரல் வச்சுப் படிக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் இறந்த வருஷம், ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து எழுதினேன். சேலைல சேறு இருந்துச்சு, காயக்கூட இல்லை."

"அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லிட்டா அது என்னோடதாயிடும். அந்தப் பொண்ணு எதை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போவும்? அவகிட்ட அத்தையோட போட்டோன்னு ஆதார் கார்டுல இருக்கறது ஒண்ணுதானாம்."

வண்டி வருவதாக அறிவித்தார்கள். சால்வையைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப அந்த அடிக்குறிப்பு?" என்று கேட்டேன். "நூலகத்துக்குக் குடுக்கற பிரதி இன்னும் அச்சடிக்கல. மாத்தணும்னா இப்ப மாத்தலாம்."

டீச்சர் யோசித்தார். வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கும் வரை யோசித்தார். படியில் ஏறிய பிறகுதான் திரும்பினார்.

"அந்தப் பொண்ணும் பொய் சொல்லலைக்கா. அவ அத்தையும் அப்படித்தான் ஓடியிருப்பாங்க. இருக்கட்டும். தொட வேணாம்."

வண்டி நகர்ந்தது. மறுநாள் காலை கடையைத் திறந்ததும், நூலகப் பிரதியை இருந்தது இருந்தபடியே அச்சடித்தேன். அச்சாகி வந்த ஒவ்வொரு தாளையும் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் பைண்டிங்குக்கு அனுப்பினேன்.